அசை போடாத குதிரை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் கல்யாணமாகி வந்த புதிது. சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்ச் சகதியில் ஒரு பெட்டைக் குதிரை சிக்கிக்கொண்டது. கருவேலங்காட்டில் யாருக்கும் பிடிபடாமல் திரிந்த குதிரை அது. வடக்கயிறு போட்டு இழுத்து, எங்கள் மாட்டுத் தொழுவில் கட்டினோம்.

மாட்டு வைத்தியத்தில் அப்போதே எனக்குப் பேர் உண்டு. குதிரை புல்லை நன்றாகத்தான் தின்றது. ஆனால் அசை மட்டும் போடவில்லை. பொழுதெல்லாம் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிறு கட்டிவிட்டது, செத்துவிடும் என்று பயந்து, சுக்கும் மிளகும் இடித்துக் கரைத்து மூங்கில் குழாயில் எடுத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் குதிரையின் தலையைத் தூக்கிப் பிடித்தார்.

அந்நேரம் பருத்தி வாங்க வந்த ராவுத்தர், “நிப்பாட்டுங்க தாயி! என்ன செய்றீக?” என்று கத்தினார்.

“அசை போட மாட்டேங்குதுண்ணே.”

“குதிரை என்னைக்குத் தாயி அசை போட்டுச்சு? இத ஊத்தியிருந்தா மூச்சுல ஏறி இங்கனயே விழுந்திருக்கும்!”

“எங்க வீட்டு மாட்டு டாக்டரு தோத்துப்போச்சு” என்று சிரித்தார் வீட்டுக்காரர். அந்த மருந்திலேயே அவருக்கு ரசம் வைத்துவிட்டேன்.

குதிரை கடைசிவரை எங்கள் தொழுவில்தான் இருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்குப் புதிதாக எந்த உயிர் வந்தாலும், மருமகளே ஆனாலும், அதன் வழக்கத்தைப் பார்த்த பிறகுதான் மருந்து இடிக்கிறேன்.