மாவுப் போசியில் இருந்த ஹம்மஸ்

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே முக்கால். நேரத்தோடு நாட்குறிப்பு எழுதுபவன் என்று எனக்குள் ஒரு பெருமை உண்டு. அன்று அந்தப் பெருமையை வைத்து என் மனைவியைத் தலைகுனிய வைத்தேன்.

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மகள், மாப்பிள்ளையோடும் ஏழு வயதுப் பேத்தியோடும் அன்று வருவதாக இருந்தது. ஏதோ கடையில் ரொட்டிக்குத் தொட்டுச் சாப்பிட்ட ஹம்மஸையே பேத்தி போனிலெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலேயே செய்யலாம் என்று புத்தகங்களைப் புரட்டிக் குறிப்பெடுத்தேன். வெள்ளைக் கொண்டைக்கடலையை வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊறப்போட்டேன். மறுநாள் குழைய வேகவைத்து, ஒவ்வொன்றாகத் தோல் நீக்கினேன். அதற்கே ஒன்றேகால் மணி நேரம். வெள்ளை எள்ளை நிறம் மாறாமல் வறுத்து, பூண்டும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து அரைக்கையில் மிக்ஸி சூடாகிவிட்டது. எல்லாவற்றையும் கிரைண்டரில் போட்டேன். வெண்ணெய் போல வந்தது. கைக்குக் கிடைத்த மாவுப் போசியில், எப்போதும் அடை மாவு வைக்கும் பாத்திரத்தில், வழித்து ஃபிரிட்ஜில் வைத்தேன். மனைவி அப்போது மதுக்கரையில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு, ஒரு சீருக்குப் போயிருந்தாள்.

ஞாயிறு காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள்; மாப்பிள்ளை மூன்றாவது அடையைப் பிட்டுக்கொண்டிருந்தார். வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்ட அடை. அடுப்பருகே போசி காலியாக இருந்தது.

"இந்த மாவை எங்கிருந்து எடுத்தே?"

"நீங்க அரைச்சு வெச்சதுதானுங்க. ஒத்தாசையா அடைக்கு அரைச்சு வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன். பதமாப் புளிச்சும் இருந்துது. அரிசி மாவு கொஞ்சம் கலந்து ஊத்திப்போட்டேன்."

எலுமிச்சையைத்தான் புளிப்பு என்றாள். சொல்லும்போது முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. நான் அதைப் பார்க்காதவன் போலக் கத்தினேன்.

"முப்பது வருசமா அடுப்படியில நிக்கறே, மோந்து பாத்தாத் தெரியாதா? நேத்தே சொன்னேனில்ல, மண்டையில ஏறுனாத்தானே."

"எப்பங்க சொன்னீங்க?"

"சாயங்காலம், நீ வந்ததும் சொன்னேன்."

மகள் "அப்பா, உடுங்கப்பா" என்றாள். மாப்பிள்ளை சூட்டைத் தணிக்கச் சிரித்தார். "எதுக்குங்க சண்டை? மாமா நோட்டுல இருக்குமுங்க. மாமா தும்முனாக்கூட அதுல இருக்குமே."

எழுந்து போய் நோட்டை எடுத்து வந்தேன். சொன்னதாகவே நம்பியிருந்தேன். சனிக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்து தெளிவாக இருந்தது: "6.40. அரைத்து முடிந்தது. மாவுப் போசியில் வைத்திருக்கிறேன். அவள் வந்ததும் சொல்ல வேண்டும்." அதன்கீழ் அவள் வந்த நேரமும், சீரில் யார் யார் வந்திருந்தார்கள் என்று அவள் சொன்னதும் இருந்தன. நான் சொன்னதாக ஒரு வரியும் இல்லை.

"இருக்குதுங்க மாப்ள" என்று சொல்லி நோட்டை மூடினேன்.

மனைவி தோசைக்கல்லைப் பார்த்தபடி சொன்னாள். "அப்பச் சொல்லித்தான் இருப்பாரு. எனக்குத்தான் இப்பெல்லாம் ஞாபகம் பத்தறதில்லைங்க மாப்ள. பாப்பாவுக்கு ஆசையா செஞ்சதைக் கெடுத்துப்போட்டேன்."

நாலு மணிக்கு அவர்கள் கிளம்பியதும் நோட்டைக் கொண்டுபோய் அவளிடம் விரித்துக் காட்டினேன். அவள் படிக்கக்கூட இல்லை.

"இதை எதுக்குங்க எனக்குக் காட்டறீங்க? நீங்க சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளைகிட்டக் காட்டோணும்."

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் மாப்பிள்ளையைக் கூப்பிடப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். புதன்கிழமை மாப்பிள்ளையே கூப்பிட்டார். பாக்கு விலை, மலையில் மழை என்று பேசிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாமா, அத்தைக்கு ஞாபக மறதி அப்படி ரொம்ப இருக்குதுங்களா? தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காருங்க. ஒருக்காக் காட்டீரலாம்னு உங்க மகளும் சொல்றா."

என் ஒரு பொய் மேட்டுப்பாளையம் வரை போய் அவளை நோயாளியாக்கியிருந்தது.

"அவளுக்கு ஒண்ணுமில்லீங்க மாப்ள. நான் அவகிட்டச் சொல்லவேயில்லை. நோட்டுலயும் இல்லை. அன்னைக்கு உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

மாப்பிள்ளை வழக்கம்போலச் சிரிக்கவில்லை. "அத்தைகிட்டக் குடுங்க மாமா" என்றார்.

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். நான் முன்னறைக்குப் போய்விட்டேன். இருந்தும் காதில் விழுந்தது.

"அவரே சொன்னாருங்களா?" என்று கேட்டாள். பிறகு இன்னொரு முறையும் அதையே கேட்டாள்.