செருப்பைக் கையில் பிடித்தவர்

தருமபுரியில் எட்டு வீட்டு அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கியதும் அதன் மனையில் என் பங்கைத் தேடினேன். நல்லம்பள்ளி நிலத்தை விற்று வந்தவனுக்கு ஒரு மரமாவது சொந்தமாக இருக்க வேண்டும் என்று ஆசை. பத்திரத்தில் சதுர அடி வரைக்கும் படித்தேன். அதற்கப்புறம் வார்த்தைகள் நீளமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

கீழே மதிலோரம் காலால் அளந்து, நாலு மூலைக்கும் கல் நட்டு, நடுவதற்கு வெட்டி வைத்த முருங்கைப் போத்தை எடுத்தேன். அப்போது கீழ்வீட்டு அம்மா வந்தார். குள்ளமான உருவம், தடித்த கண்ணாடி. வெளியே போகும்போது மதில் வாசலைத் தாண்டும் வரை செருப்பைக் கையில் பிடித்தே நடப்பவர்.

"என்னங்க, கோயில் கட்டறீங்களா?"

"இது எம் பங்குங்க."

"எம் பங்கும் இதுலதான் இருக்குது. ஒரு பிடி மண்ணள்ளுனாலும் எட்டு வூட்டுக்கும் பாத்தியதை. பிரிக்க முடியாதுங்க."

"அப்ப எம் மரத்த எங்க நடறதுங்க?"

"எல்லா வூட்டுலயும் கேட்டுட்டு எங்க வேணா நடுங்க. நட்டப்புறம் அது உங்க மரமில்ல."

எட்டுக் கதவையும் தட்டினேன். கடைசியாகச் சம்மதித்தது என் மனைவிதான்.

இப்போது மரம் காய்க்கிறது. கைக்கு எட்டும் காயெல்லாம் மற்றவர்களுக்கு, எட்டாதது எனக்கு.

ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

"உங்க நெலமும்தானுங்க இது, எதுக்குச் செருப்பக் கழட்டறீங்க?"

"எம் பங்கு மேல செருப்புப் போட்டுத்தான் நடப்பேன். அது எதுன்னு தெரியலையேங்க."

இப்போது நானும் செருப்பைக் கையில் பிடித்துத்தான் போகிறேன்.