மாமாவின் மருந்துக்கடை

என் மாமா குணமாகாத வருத்தக்காரர் என்றே ஒன்பது வயதுவரை நம்பியிருந்தேன். அதற்கு அம்மாதான் காரணம்.

அம்மாவின் தம்பியான அவர், கனடாவின் யூனியன்வில்லில் எங்கள் வீட்டு பேஸ்மென்றில் மாமியோடு குடியிருந்தார். ஞாயிறுகளில் ஒரு கிளப்புக்குப் போய்த் துவக்கால் கடதாசி இலக்குகளைச் சுடுவார். சுட்ட தோட்டாக்களின் கோதுகளைப் பொறுக்கிவந்து, வெடிமருந்து நிரப்பி மறுபடி பாவிப்பார். லைசென்ஸ், பூட்டு எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால், போருக்குள் எத்தனையோ சோதனைச்சாவடிகளைத் தாண்டி வந்த அம்மா, 'வெடி' என்ற சொல்லை வீட்டுக்குள் விடவில்லை. வெடிமருந்தின் தலையை வெட்டி, வெறும் மருந்தாக்கிவிட்டார். துவக்கைப் பற்றி என்னிடம் ஒருவரும் மூச்சு விட்டதில்லை. "மருந்து முடிஞ்சுது அக்கா, வாங்கிக்கொண்டு வாறன்" என்று மாமா புறப்படும்போதெல்லாம் அவருக்கு வருத்தம் கூடிவிட்டது என்று நினைப்பேன்.

அவர் வாங்குவது ஸ்ரௌவ்வில் என்ற ஊர்ப்பக்கம் ஒரு சின்னக் கடையில். இரண்டுமுறை நானும் கூடப் போயிருக்கிறேன். தூண்டில்களும் சப்பாத்துகளும் இருந்தன. மருந்துக்கடையில் சிப்ஸும் பொம்மையும் விற்கிற நாட்டில் தூண்டில் விற்றால் என்ன? சுவரில் துவக்குகள் தொங்கின. கள்ளருக்குப் பயந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாமா நீட்டிய லைசென்ஸ் எனக்கு ஹெல்த் கார்ட்.

கடையை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. வேலை எப்படி, நித்திரை எப்படி, மனைவி சுகமா என்று அரை மணித்தியாலம் விசாரித்த பிறகுதான் அவர் கை மருந்து டப்பாவுக்குப் போகும். பெருஞ்சாலையோரப் பெரிய கடையில் இதே சாமான் மலிவு. "உந்தக் கிழவியின்ரை அலட்டலுக்கும் சேர்த்தெல்லோ காசு குடுக்கிறாய்" என்று அப்பா பகிடி பண்ணுவார். மாமா சிரித்துவிட்டு அங்கேயே போவார்.

மாமி பிரிந்துபோய் ஒரு மாதம் இருக்கும். ஒரு சனிக்கிழமை, மருந்து வாங்கக் கிளம்பிய மாமாவோடு அம்மா என்னையும் ஏற்றிவிட்டார். அன்று மாமா நேரே பெரிய கடைக்குப் போனார். அங்கே நின்ற பெடியன் கார்டைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. மாமா கேட்ட வகை முடிந்துவிட்டதாம். மாமா வந்து காரில் ஏறினார். பிறகு மனமில்லாமல் கிழவியின் கடைக்குத் திருப்பினார்.

கிழவி வழமைபோல விசாரித்தார். எல்லாவற்றுக்கும் மாமா நல்லம், நல்லம் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மருந்து தருகிறவரிடம் பொய் சொன்னால் வருத்தம் எப்படி மாறும்? எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மாமா சாப்பிடுவதில்லை, நித்திரை கொள்வதில்லை, மாமி போய்விட்டார், தனியே இருந்து அழுகிறார். ஆகவே இருப்பதிலேயே பலமான மருந்தாகக் கொடுங்கள் என்றேன்.

டப்பாவுக்குப் போன கை திரும்பி வந்தது. மருந்து முடிந்துவிட்டது என்றார் கிழவி. அவருக்குப் பின்னால் மூன்று டப்பாக்கள் இருந்தன. நான் விரலால் காட்டினேன். அவை வேறொருவருக்கு என்றார். பிறகு கதவைப் பூட்டி, தேத்தண்ணி ஊற்றி, மாமாவின் துவக்குகளை அன்றே கொண்டுவந்து விடும்படியும், தானே துடைத்துப் பூட்டி வைப்பதாகவும் சொன்னார். நாளை பெட்டிகள் பிரிக்க ஆள் வேண்டும், வா என்றார். மாமா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் கோபத்தில் தூண்டில்களை எண்ணினேன்.

மாமா அன்று என்ன நினைத்திருந்தார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. தலை நரைத்து, எங்கள் பிறந்தநாள்களுக்கெல்லாம் முதல் ஆளாக வந்து நிற்கிறார். விற்கத் தெரிந்த எத்தனையோ பேரை அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். விற்காமல் விடத் தெரிந்த அந்தக் கிழவியை நினைத்தால் இப்போதும் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

அன்று அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்ததும் நடந்ததை எல்லாம் சொல்லி அம்மாவிடம் முறையிட்டேன். "அந்த மனிசி பொய் சொல்லுது அம்மா. மூண்டு டப்பா இருந்தது, நான் கண்டனான்."

அம்மா படியிலேயே குந்திவிட்டார். பின்னேரம் அப்பாவும் மாமாவும் ஒரு நீளப் பெட்டியைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலை அம்மா இடியப்பம் அவித்தார். கிழவியின் கடைக்காம்.

"பொய் சொன்ன ஆளுக்கு ஏன் இடியப்பம்?" என்று கேட்டேன்.

 அம்மா சாப்பாட்டுப் பெட்டியில் இன்னும் இரண்டு இடியப்பங்களை வைத்து மூடினார்.