தாமரைச்செல்வி குரலெடுத்தால்

எங்கள் ஊர் தாமரைச்செல்விக்குக் குரல் கொஞ்சம் கூடுதல். பள்ளத்து மிளகுத் தோட்டத்தில் நிற்கிற ஆளை மேட்டிலிருந்தபடியே சாப்பிடக் கூப்பிட்டுவிடுவாள். மலைமேல் இருக்கிற எங்கள் தேவனூர் நாட்டில் இதெல்லாம் குற்றமில்லை. அவள் அறை கூட்டித் துடைக்கிற ரிசார்ட்டில்தான் குற்றம். "தங்க வந்தவங்க தூங்கறாங்கம்மா, மெதுவாப் பேசு," என்று மேனேஜர் யுவராஜ் தினமும் சொல்லுவார். "சரிங்க சார்" என்பாள். அந்தச் "சரிங்க"விலேயே இரண்டு பேர் எழுந்துவிடுவார்கள்.

ரிசார்ட் மதியத்து வேலை. காலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு உப்புமாவும் பொங்கலும் சமைக்கிற வேலை. இரண்டுமே அரை வேலைதான். அலைச்சல் மட்டும் முழுசு. புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரே மகள் கீர்த்தனா நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது படிக்கிறாள், கபடி ஆடுகிறாள். ஆட்டம் ஒவ்வொன்றாக ஜெயித்து அவள் டீம் பைனலுக்கே வந்துவிட்டது. தாய்க்காரி ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை.

"பைனலுக்காச்சும் வாம்மா. எல்லாப் புள்ளைங்களுக்கும் அம்மா வருது," என்று மகள் போனில் கேட்டதை என்னிடம் சொல்லி மூக்கைச் சிந்தினாள். பக்கத்து வீட்டுக்காரி நான், எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "எவன் தடுத்தாலும் நீ போற. நானும் வாரேன்" என்றேன்.

காட்டு வேலைக்கு மாற்றாள் வைப்பதுபோல இரண்டு இடத்துக்கும் ஏற்பாடு செய்தாள். ரிசார்ட்டுக்கு நாத்தனார் சங்கீதா போவாள். பள்ளிக்கூடத்தில் கூடச் சமைக்கிற குப்பாயக்கா ஒருத்தியே அன்றைக்குப் பார்த்துக்கொள்வாள். இனி என்ன குறை? விடிவதற்குள் தலைக்குக் குளித்து, புதுச்சேலை கட்டி, முதல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கல்யாணப் பெண் கெட்டாள்!

மலைப்பாதையின் எழுபது வளைவில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டோம், அவள் போன் அடித்தது. குப்பாயக்கா.

"ஏன்டி தாமர, ஸ்டோர் ரூம் பூட்டிக் கெடக்குது! சாவியெங்க?"

தாமரையின் கை இடுப்புக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. ராத்திரியே கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டியது. சந்தோஷத்தில் மறந்து, பழக்கத்தில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். ரவை, பருப்பு, எண்ணெய் எல்லாம் பூட்டுக்குள்.

சட்டென்று எழுந்தாள். "அண்ணா, நிறுத்தச் சொல்லுங்க. நான் எறங்கிக்கறேன்."

"நடுவழியில எறங்கி என்னம்மா பண்ணுவ?" என்றார் கண்டக்டர் மணிவண்ணன்.

"மேல போற வண்டி எதையாச்சும் புடிச்சு ஏறிப் போயிருவேன். புள்ளைங்க பட்டினியா உக்காந்திருக்கும்."

நான் கையைப் பிடித்து இழுத்தேன். "கிறுக்கி, அப்ப உம்மவ?"

"அவ ஹாஸ்டல்ல சாப்புட்டிருப்பாக்கா," என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கும் வந்தது, மறைப்பானேன்.

அப்போது மணிவண்ணன் ஜன்னல் வழியே கீழே எட்டிப் பார்த்துக் கத்தினார். "காளியண்ணன் வண்டி வருதுங்க!"

இரண்டு வளைவுக்குக் கீழே ஒரு பஸ் திணறிக்கொண்டு ஏறி வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டித்தான் போகும் பஸ். ஆனால் டிரைவர் காளியண்ணன் ஏற்றத்தில் வண்டியை நிறுத்துகிற ஆளே இல்லை. பெற்ற தாய் கை காட்டினாலும் மேலே போய்த்தான் நிறுத்துவார் என்று ஊரே கேலி பேசும்.

"கூப்புடுடி! இதுக்கில்லாத தொண்ட எதுக்கு?" என்றேன்.

ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"காளியண்ணோவ்! நில்லுங்கோவ்!"

எதிர்ப்பாறையில் மோதி அந்தச் சத்தம் எங்களுக்கே திரும்பி வந்தது. தடுப்புச் சுவரில் இருந்த குரங்குகள் குதித்து ஓடின. யாரோ பள்ளத்தில் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த மனிதர் வளைவின் ஓரத்தில் வண்டியை நிறுத்தியே விட்டார்!

எங்கள் பஸ் ஊர்ந்து போய் அதன் பக்கத்தில் நின்றது. சாவியைக் கைக்குட்டையில் முடிந்து தாமரை நீட்டினாள். காளியண்ணனும் கையை நீட்டினார். நடுவில் ஒரு முழம் இடைவெளி. மணிவண்ணன் அவள் தோளைப் பிடித்துக்கொள்ள இன்னும் எக்கினாள். கைக்குட்டை கை மாறியது.

"குப்பாயக்கா வாசல்லயே நிக்குமுங்கண்ணா!"

"குடுத்தர்றேன் போ. உன்ற சத்தத்துல மலையே எறங்கி வந்துரும்," என்று சிரித்தார். எங்கள் பஸ்ஸில் அத்தனை பேரும் கைதட்டினார்கள். நான் விசிலே அடித்தேன்.

நாமக்கல்லில் இறங்கும்போது குப்பாயக்கா மறுபடி கூப்பிட்டாள். "உப்புமா ஆச்சு, புள்ளைங்க தின்னுக்கிட்டு இருக்குது. நீ ஓடு கண்ணு!" ஆட்டோ பிடித்து ஓடினோம்.

மைதானத்தில் ஆட்டம் முடிகிற நேரம். கீர்த்தனாவின் டீம் ஒரு புள்ளி பின்னால் இருந்தது. கடைசியாக எதிர்க்கட்டத்துக்குள் கபடி பாடிப் போகிறது எங்கள் பெண்தான். சுற்றிலும் ஒரே கூச்சல், எங்களுக்கோ பின்வரிசை. தலை கூடத் தெரியாது. ரிசார்ட் பழக்கமோ என்னவோ, தாமரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முதுகில் ஒன்று வைத்தேன்.

"கண்ணூ! கீர்த்தனா கண்ணூ!"

முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கீர்த்தனா திரும்பவில்லை. பாடிக்கொண்டே சிரித்தாள், நான் எக்கி நின்று பார்த்தேன், சத்தியமாகச் சிரித்தாள். அடுத்த கணம் ஓரத்துப் பெண்ணைத் தொட்டாள், காலைப் பிடிக்க வந்தவளையும் உதறிக்கொண்டு விழுந்தாள். கை நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது. இரண்டு புள்ளி! ஜெயித்தாயிற்று!

தாமரை இடைவிடாமல் கத்தினாள். யாரும் மெதுவாகப் பேசச் சொல்லவில்லை.

மண்ணும் வேர்வையுமாக மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "நீ வந்துட்டீன்னு திரும்பாமயே தெரிஞ்சுதும்மா. நல்லா ஆடுனனா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள் தாமரைச்செல்வி. காற்றுதான் வந்தது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருந்தது. மகளின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள்.