தில்லையம்பலத்துக்கு யாரும் வந்து சொல்லாத ஆட்டம்

ஐம்பத்திரண்டு வயதில் தில்லையம்பலம் நடனம் பழகப் போனதற்கு முழுப் பொறுப்பும் அவருடைய சீனி வியாதியையே சேரும். தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். சனவரி மாதத்துப் பனியில் பார்க்டேல் தெருக்களில் நடப்பது மனிதர் செய்கிற வேலையா? இரண்டு நாள் நடந்தார். மூன்றாம் நாள் பனியில் சறுக்கி விழுந்தவரை, பஸ் தரிப்பில் நின்ற ஒரு வெள்ளைக்காரி தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று. அவளுக்கு எப்படியும் எழுபது வயதிருக்கும். அத்தோடு நடை முடிந்தது.

பிளாஸ்ரிக் பக்டரியில் அவரோடு வேலை செய்த றொபேட்தான் வழி காட்டினான். அவன் ஐரிஷ் வழி வந்தவன். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தில் பெரியவர்களுக்கு ஐரிஷ் ஆட்டம் பழக்குகிறார்கள், போட்டியும் இல்லை, மேடையும் இல்லை, சும்மா கூடி ஆடுவதுதான், உள்ளே நல்ல சூடும் இருக்கும் என்றான். தில்லையம்பலத்தை இழுத்தது அந்தக் கடைசி விஷயம்தான்.

முதல் நாளே மானம் போயிற்று. மண்டபம் என்றதும் பழக்கதோஷத்தில் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். உள்ளே மெழுகு பூசிய மரத்தரை. பழக்குகிற பேர்ணடெற், ஓய்வு பெற்ற ஒரு நேர்ஸ், கையைத் தட்டி முன்னுக்கு மூன்று அடி வரச் சொன்னாள். எல்லாரும் மூன்று அடி வந்தார்கள். தில்லையம்பலம் காலுறையோடு வழுக்கிக்கொண்டு போய் எதிர்ச்சுவரில்தான் நின்றார்.

அதைவிடப் பெரிய சங்கடம் கை. அந்த ஆட்டத்தில் சோடி சோடியாக நிற்க வேண்டும். எதிரே நிற்பவர்களின் கையைப் பிடித்துச் சுற்றிவிட்டு, அவர்கள் தூக்கிப் பிடித்த கைகளுக்குக் கீழால் குனிந்து அடுத்த சோடியிடம் போக வேண்டும். ஒரு பாட்டு முடிவதற்குள் மண்டபத்தில் உள்ள அத்தனை பேரின் கையையும் பிடித்தாயிற்று. அதுவரை அவர் பிடித்திருந்த ஒரே பெண்ணின் கை, மனைவி ரதிதேவியினுடையது. அதுவும் கலியாணத்தன்று ஐயர் பிடிக்கச் சொன்னபடியால்.

ஆனாலும் அடுத்த கிழமையும் போனார். பக்டரியில் இரைச்சலுக்குக் காதை மூடிக்கொண்டு வேலை. ஊர்ச் சங்கத்தில் அவர் உபதலைவர். அங்கே முகத்தை இறுக்கமாக வைத்திருப்பதே ஒரு வேலை. இங்கே அவர் பிழையான பக்கம் திரும்பினால் மண்டபமே சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். “தில்லி!” என்று கூப்பிட்டு, அவர் வந்து சேரும்வரை வரிசை காத்திருந்தது. தனக்காக நாலு பேர் காத்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமைக்காகக் கிழமை முழுக்க ஏங்குகிற ஆளாகிவிட்டார். தேநீர் நேரத்துக்கு ரதிதேவி பொரித்துக் கொடுத்த றோல்ஸைக் கொண்டுபோனார். வீட்டில் ஹோலுக்குள் சாப்பாட்டு மேசைக் கதிரையைப் பிடித்துக்கொண்டு அடி பழகினார். ரதிதேவி குசினி வாசலில் நின்று பார்ப்பாள். பார்த்துவிட்டுப் போய் மாக் குழைப்பாள்.

வினை மார்ச் மாதத்தில் வந்தது. வகுப்பு முடிகிற நேரம் பேர்ணடெற், சனிக்கிழமை ஏழு மணிக்குக் கெய்லி, எல்லாரும் வாருங்கள் என்று பொதுவாகச் சொன்னாள். கெய்லி என்றால் ஊர் கூடி வாத்தியக்காரரோடு ஆடுகிற பெரிய ஆட்டம். சுவரில் ஒரு கடதாசியும் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான் அழைப்பு.

தில்லையம்பலத்துக்குச் சுருக்கென்றது. யாழ்ப்பாணத்தில் ஒரு விசேஷம் என்றால் வீட்டுக்கு வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணியாவது குடித்துவிட்டுச் சொல்ல வேண்டும். போன வருடம் மார்க்கம் நகரில் நடந்த மச்சானின் மகள் கலியாணத்துக்கே, ரெலிபோனில் சொன்னதற்காகப் போகாமல் விட்ட ரோசக்காரர் அவர். காற்றுக்குச் சொன்ன சொல்லுக்கு இவர் போய் நிற்பாரா?

போகவும் ஆசையாக இருந்தது. அதனால் அவர்களே வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தார். புதன்கிழமை ஹோலைத் துப்புரவாக்கினார். வியாழக்கிழமை நல்ல பிஸ்கட் வாங்கி வைத்தார். வெள்ளிக்கிழமை ரெலிபோன் வேலை செய்கிறதா என்று தூக்கிப் பார்த்தார். அயர்லாந்திலிருந்து வந்த மனுஷிக்கு யாழ்ப்பாணத்து முறை எப்படித் தெரியும் என்று அவருடைய மூளைக்கு ஒரு தரமாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. சனிக்கிழமை ஏழு மணிக்கு, ஸ்திரி போட்ட சேட்டோடு சோபாவில் குந்தியிருந்தார். இன்றைக்குப் போகாவிட்டால் செவ்வாய்க்கிழமை எந்த முகத்தோடு போவது? ஒரேயடியாக விட வேண்டியதுதான். அதை நினைக்க அவருக்கு அழுகை வந்தது.

“போகேல்லையே?” என்றாள் ரதிதேவி.

“சொல்லாத இடத்துக்கு நான் ஏன் போக வேணும்?”

ஏழரைக்குக் கதவில் தட்டுச் சத்தம். பேர்ணடெற்றும் றொபேட்டும் சப்பாத்தில் பனியோடு நின்றார்கள். வரிசையில் ஒரு ஆள் குறைகிறது, உனக்குச் சுகமில்லையா என்று பேர்ணடெற் அவருடைய நாடியைப் பிடித்தாள்.

“நோ இன்விற்றேஷன். ஹீ ஆங்கிறி,” என்றாள் ரதிதேவி. தன் கைவசம் இருந்த ஆங்கிலத்தில் பாதியை அதில் செலவழித்தாள்.

பேர்ணடெற்றுக்கு விளங்கவில்லை. “உனக்கு யார் அழைப்புச் சொல்வது? வெளியாட்களுக்குத்தானே அழைப்பு? நீ வந்து கதிரை அடுக்குவாய் என்றல்லவா பார்த்துக்கொண்டிருந்தோம்?”

சொந்த வீட்டு ஆளுக்கு யாரும் வந்து சொல்வதில்லை. அது யாழ்ப்பாணத்து முறையும்தான். அந்த முறையில் ஊறிய உபதலைவருக்கு அதை ஒரு ஐரிஷ்காரி சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு வெட்கம் ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். கோட்டைத் தேடப் போனார்.

பேர்ணடெற் ரதிதேவியின் பக்கம் திரும்பினாள். “நீயும் வாவேன். உன்னைக் கூட்டிவரச் சொல்லி ஒவ்வொரு கிழமையும் இவனிடம் கேட்கிறேன். உனக்கு இதெல்லாம் பிடிக்காது என்கிறான்.”

ரதிதேவிக்கு அது நன்றாகவே விளங்கியது.

“எனக்குப் பிடிக்காதெண்டு ஆர் சொன்னது?” என்று தமிழில் கேட்டாள். “கதிரையைப் பிடிச்சு ஆடுறியள். நான் உதிலைதானே நிண்டனான்? ஒருநாளாவது வாரும் எண்டு கேட்டியளே?”

மண்டபத்தில் அத்தனை பேரின் கையையும் பிடித்து ஆடுவதை மனைவி பார்த்தால் தன் கௌரவம் போய்விடும் என்று தில்லையம்பலம் பயந்திருந்தார், அதுதான் உண்மை. முறை தவறியதென்று நாலு நாளாகக் கோபித்துக்கொண்டிருந்தவர், மூன்று மாதமாக ஒருத்தியைக் குசினி வாசலில் நிற்க விட்டிருந்தார். தன்னை நினைக்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

இரண்டு வெள்ளைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அவளுக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். வாயில் வந்தது, விசேஷத்துக்கு வீடு வீடாகப் போய் அழைக்கும்போது வழக்கமாகச் சொல்லுகிற சொல்தான்.

“இண்டைக்கு எங்கட ஆட்டம். கட்டாயம் குடும்பமா வரவேணும்.”

“என்ரை குடும்பம் இவ்வளவு நாளும் என்னை விட்டிட்டெல்லோ ஆடப் போனது,” என்றாள் ரதிதேவி. சொல்லிவிட்டு, சீலை மாற்ற அறைக்குள் போனாள்.