சிவகௌரி சாகடித்த தம்பிஐயா

எங்கள் ஒழுங்கையில் சிவகௌரியைப் போல ஒரு கெட்டிக்காரியும் இல்லை, அவளைப் போல ஒரு அவசரக்குடுக்கையும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி நான், சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. பகலில் அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட போட்டோக் கொப்பிக் கடை. மிச்ச நேரமெல்லாம் அச்சுவேலி, வட்டுக்கோட்டை, தொண்டைமானாறு என்று மூன்று ஊருக்கும் இணையத்தில் தனித்தனிக் கருத்துக்களம் நடத்துவாள். கொடியேற்றம், கலியாணம், செத்த வீடு எல்லாம் அதில் வரும். வெளிநாட்டுச் சனம் கண் விழித்ததும் பார்ப்பது அதைத்தான்.

மூன்று களமும் ஒரே வாடகைச் சேர்வரில். எங்கள் பங்குக் கிணறு மாதிரி, முன்பின் தெரியாத பலருடைய தளங்களும் அதிலேயே இருக்கும். ஒருவர் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் சேர்வரை வாடகைக்கு விட்ட கொம்பனி மறித்துவிடும்.

போன வைகாசியில் ஒரு காலை, வட்டுக்கோட்டையில் தம்பிஐயா என்று ஒருவர் காலமானார். படம் வந்து சேரவில்லை. சிவகௌரி ஒரு குத்துவிளக்குப் படத்தை வைத்து, "தம்பிஐயா இன்று சிவபதமடைந்தார்" என்று போட்டாள். போட்டதோ அச்சுவேலிக் களத்தில்! மூன்றையும் ஒரே அச்சில் செய்து வைத்தால் வேறென்ன நடக்கும்? எங்கள் அச்சுவேலியிலும் ஒரு தம்பிஐயா இருக்கிறார். ஓய்வுபெற்ற பஸ் சாரதி, கல்லுக்குண்டு மாதிரி மனிசன். மனைவி இல்லை. ஒரே மகன் ஜெயரூபன் கனடாவில்.

அரை மணித்தியாலத்துக்குள் சனம் விழுந்தடித்துப் பார்க்க, கொம்பனி மூன்று களத்தையும் பூட்டிவிட்டது. பிழை தெரிந்தபோது அதை அழிக்கவும் வழியில்லை.

"ஐயோ அக்கா, உயிரோடை இருக்கிற மனிசனைச் சாக்காட்டிப்போட்டன்!" என்று என் முற்றத்துக்கு ஓடிவந்து கத்தினாள்.

இருவரும் தம்பிஐயா வீட்டுக்கு ஓடினோம். வாசல் படலையில் மலர்வளையத்தோடு ஒருவர். உள்ளே ஒப்பாரியைப் பாதியில் விட்ட இரண்டு பெண்கள். நடுவில் இடுப்பில் கட்டின சாரமும் கையில் தேத்தண்ணிக் கோப்பையுமாக, பேயறைந்தவர் போலத் தம்பிஐயா.

சிவகௌரி அழுதழுது நடந்ததைச் சொன்னாள்.

"சரி விடு பிள்ளை, பிழை விடாத ஆள் ஆர்?" என்றவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஐயோ, ஜெயரூபனும் பாத்திருப்பானே! துடிச்சுப்போயிருப்பான்."

போனை எடுத்துப் பார்த்தார். ஒரு அழைப்பும் இல்லை.

"லைன் கிடைச்சிராது," என்று தனக்கே சொல்லிக்கொண்டார். "களத்திலையாவது ஏதும் எழுதியிருப்பான். திறந்தவுடனை முதல் அதைக் காட்டு."

சிவகௌரி கொம்பனியோடு மன்றாட, பத்து மணிக்குக் களம் திறந்தது. அறிவித்தலின் கீழே நூற்று நாற்பது அஞ்சலிகள். விரலால் தள்ளிக்கொண்டே போனவளின் முகம் செத்துப்போனது. "ஒண்டும் இல்லை ஐயா, அழிச்சுவிடுறன்," என்றாள். தம்பிஐயா அவளின் போனைப் பறித்துக் கண்ணாடியை மாட்டினார். நான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"இப்பதான் பாத்தன். எனக்கு வரேலாது. காரியத்தை அங்கையே முடியுங்கோ. வீட்டு உறுதிப் பத்திரம் ஆரிட்டை இருக்கு? ஜெயரூபன்."

அட பாவி! பெற்ற தகப்பன் செத்தது மெய்யோ பொய்யோ என்று போனில் ஒரு கோல் அடித்துக் கேட்க உனக்கு மனம் வரவில்லையா?

தம்பிஐயா இரண்டு தரம் வாசித்தார்.

"அழிக்கட்டே ஐயா?"

"வேண்டாம். பிள்ளை கேட்டதுக்குப் பதில் போடவேணும்."

"என்னெண்டு போட?"

"உறுதி செத்த மனிசனிட்டைத்தான் இருக்காம், வந்து வாங்கட்டாம் எண்டு போடு."