மூடினால் தூங்க வேண்டும்

பட்டுப்புடவைக் கரைகளுக்கு டிசைன் போடுவது என் வேலை. லேப்டாப்பில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து வரைவேன். அதைப் பார்த்துத் தறிக்கு அட்டை குத்துவார்கள். லேப்டாப் பழசு. அதிலிருந்த சிஸ்டம் ஊர்ந்ததால் அதை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை நானே போட்டேன். வேலை சிட்டாய்ப் பறந்தது. மூடியை மூடினால் தூங்குகிறதா என்று பார்க்க மட்டும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் பட்டுப்புடவையை வெறுமனே வெளியே எடுத்துப் போக மாட்டோம். பழைய வேட்டியில் சுற்றி முடிச்சுப் போடுவோம். அந்தப் பழக்கத்தில் லேப்டாப்பையும் நாலு சுற்று சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே தறி வைத்திருக்கும் ஒருவரிடம் கல்யாணப் புடவையின் கரையைக் காட்ட வேண்டும். எனக்கு வந்த முதல் பெரிய வேலை. அவர் முன்னால் முடிச்சை அவிழ்த்தால் தோசைக்கல்லாய்க் கொதிக்கிறது. உள்ளே தூங்காமல் ஓடி ஓடி, சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்தது. சார்ஜர் வீட்டில்.

"இன்னாமா இது, அடுப்பாட்டம் சுடுது," என்றார் அவர். "அமாவாசைக்குத் தறி ஓடாது. மறுநாள் அட்டை குத்தியாவணும். அதுக்குள்ள காட்டிடு. இல்லன்னா கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளா பாத்துக் குடுத்துடுவேன்மா."

கம்ப்யூட்டர் தெரிந்த ஆளாம்! வீடு வரும்வரை காது எரிந்தது.

"பழைய சிஸ்டத்தையே போட்டுக்கயேன்," என்றார் கணவர்.

"இதைத் தூங்க வைக்காம வுட மாட்டேன்," என்றேன்.

இணையத்தில் முகம் தெரியாதவர்கள் எழுதியதைத் தேடித் தேடிப் படித்தேன். தூக்கத்தில் இரண்டு வகையாம்: பாதி விழித்தபடி கிடப்பது ஒன்று, நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் விட்டு மற்றதையெல்லாம் அணைப்பது இன்னொன்று. என்னுடையது முதல் வகை. இரண்டாவதைக் கேட்டு சிஸ்டத்தின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். தூங்கியது, எழுப்பினால் திரை கறுப்பு. மூன்று நாள் மல்லுக்கட்டி, சிஸ்டத்தின் மையப் பகுதியான கர்னலைப் புதிதாகப் போட்டதும் திரை வந்தது. பிறகு தானாக விழிக்க ஆரம்பித்தது. மவுஸின் வேலை அது. இதை எழுப்ப உனக்கு அனுமதியில்லை என்று அதற்கும் ஒரு வரி எழுதினேன். ஒவ்வொரு முறையும் சார்ஜ் எத்தனை சதவீதம் என்று குறித்துக்கொண்டு மூடுவேன். சோறு வடித்துவிட்டு வந்து திறப்பேன். சமையலில் எத்தனை நாள் உப்பு மறந்தேனோ, வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

அமாவாசையன்று போனேன். வீட்டில் மூடியபோது சார்ஜ் தொண்ணூற்றிரண்டு, அங்கே திறந்தபோது தொண்ணூற்றொன்று. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கரையை முழுக்கப் பார்த்தார். "இந்த அன்னத்துக்குக் கழுத்து ஒரு புள்ளி தூக்கலா இருக்குது." அங்கேயே திருத்தினேன்.

"மிஷினை யாருமா சரி பண்ணிக் குடுத்தது?"

"நான்தாங்க."

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "முந்தானைக்கும் நீயே டிசைன் போட்டுடும்மா."

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுதேன்.